நூற்றொன்பதில் சொன்ன பெயர்

புளியன்விளை ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கி, வேளை தவறாமல் மணியடித்து வந்தவர் எப்சிபாய் அம்மையார். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. காலை வேலை முடிந்ததும் கடைசி பெஞ்சில் அமர்ந்து ஐந்து சங்கீதங்களை வாய்விட்டு ஜெபிப்பார். முப்பது நாளில் நூற்றைம்பதும் முடியும். மாதம் பிறந்தால் மறுபடி முதல் சங்கீதம்.

அந்த வரிசையில் இருபத்திரண்டாம் தேதிதோறும் நூற்றொன்பது வந்துவிடும். பகைவன்மேல் சாபம் விழக் கேட்கும் சங்கீதம் அது. ஒருவர் பெயரைச் சேர்த்து அதைப் படித்தால் அவர் கெட்டுப்போவார் என்று அந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. ஞாயிறு தவறாத கிறிஸ்தவர்கள்தான். ஆனாலும் அந்த எண்ணைக் கேட்டால் முகம் வெளுத்துவிடும்.

ஒரு இருபத்திரண்டாம் தேதி, ஆலயத் தர்மகர்த்தா மனாசே ஜன்னலோரம் போகையில் உள்ளேயிருந்து தம் பெயர் காதில் விழுந்தது. முந்தின வாரம்தான் அவர் அம்மையாரைச் சபை நடுவே பிச்சைக்காரி என்று ஏசியிருந்தார். மறுநாள் அவருக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. ஊருக்கு வேறென்ன வேண்டும்?

சபையை நடத்திவந்த உபதேசியார் அம்மையாரை அழைத்து விசாரித்தார்.

"நூத்தொன்பதுல மனாசே பேரச் சொன்னீயளா?"

"சொன்னேன்யா."

அதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை. ஆலயச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். குழாயடியில் அம்மையார் குடம் வைத்த இடத்தைக் கழுவிவிட்டுத்தான் அடுத்த குடத்தை வைத்தார்கள்.

"இனிமே நூத்தொன்பது சொல்ல மாட்டேன்னு ஆண்டவர் முன்னால சொல்லுங்க, சாவியத் தாரோம்" என்றார் உபதேசியார்.

"அதயும் அவர்தான தந்திருக்காரு. விட மனசு வரலய்யா."

அந்தக் கதவுக்குள் அமர்ந்து ஜெபிப்பதைத் தவிர அம்மையாருக்கு வேறு சந்தோஷம் இருந்ததில்லை. அழுதார். அடைத்த கதவுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டு ஐந்தைந்தாகச் சொல்லி வந்தார்.

அடுத்த இருபத்திரண்டு வந்தது. கையும் களவுமாகப் பிடிக்க மனாசே சுவர் மறைவில் நின்றார். அம்மையார் ஒரு சாபத்தைச் சொன்னார், நிறுத்தினார்.

"மனாசே ஐயாவுக்கு இது வேண்டாம் ஆண்டவரே."

அடுத்த சாபம். மறுபடியும் அதே வேண்டாம். தாம் நிற்பது தெரிந்துதான் நடிக்கிறாரோ என்று அப்போதும் மனாசே சந்தேகப்பட்டார். எட்டிப் பார்த்தார். அம்மையார் கண்களை இறுக மூடியிருந்தார், கன்னம் நனைந்திருந்தது. மனாசே மறைவைவிட்டு வெளியே வந்தார்.

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

"யாரும் கேக்கலயேய்யா. நீங்க ஏசுனது எனக்குப் பொறுக்கல. கோவத்துல இந்த வார்த்தைய ஒங்க மேல ஏவிருவனோன்னு பயம். அதான் ஒவ்வொண்ணா தடுத்தேன்."

மனாசே படியில் முழங்காலிட்டார். அம்மையார் மீதியைச் சொல்லி முடித்தார். உதடு சேராமல் ஒரு மாதமாக 'ம' வராதிருந்த மனாசேயின் வாயில் ஆமென் சுத்தமாக வந்தது. அவரே ஓடிப்போய்ச் சாவியை எடுத்துவந்து கதவைத் திறந்துவிட்டார்.

மனாசே சாப்பிட்டுவந்த மருந்துதான் வேலைசெய்தது என்பவர்கள் அந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் ஆளை விடுமா? ஏசியவர்மேல் ஒரு சாபமும் படாமல் சங்கீதத்தின் நடுவே காவல் நின்ற எப்சிபாய் அம்மையாரின் ஜெபத்தை ஆண்டவர் கேட்டார் என்றே நாம் சொல்வோம்.