கரடிக் குகையில் கீரியின் மருந்து

தேக்கங்காட்டில் ஒரு கீரி மருந்துக் கடை வைத்திருந்தது. காய்ச்சலுக்கு நிலவேம்பு, இருமலுக்கு ஆடாதோடை, தேள்கடிக்கு விஷமுறி வேர் என்று எது கேட்டாலும் கொடுக்கும். நாளாக ஆக மருந்துகள் பெருகின. கீரியின் வளை போதவில்லை.

"ஒரு மருந்துக்கு ஒரு பொந்தாகக் கொத்தித் தருகிறேன் அக்கா. ஆனால் எதை எதில் வைப்பது என்று முதலில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்" என்றது மரங்கொத்தி.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த கரடி விழுந்து விழுந்து சிரித்தது. "யோசிப்பதா! என் குகைக்கு வா தங்கச்சி. கொண்டுவந்து கொட்டு, அவ்வளவுதான்! சிங்க ராஜாவே தான் தின்று மிஞ்சிய எலும்புகளை இங்கேதான் போட்டு வைக்கிறார், தெரியுமா?"

ராஜாவே வைக்கிறாரா! கீரிக்குப் புல்லரித்தது. இருந்தாலும் சோதித்துப் பார்க்காமல் விடுமா? ஒரு கூடை மருந்தைக் குகைக்குள் கொட்டிப் பார்த்தது. கண் மூடித் திறப்பதற்குள் கூடை காலி!

"ஆகா, என்ன வேகம்!" என்று மிச்சத்தையும் கொட்டிவிட்டது.

ஒரு மத்தியானம் முயல் தன் குட்டியைச் சுமந்துகொண்டு ஓடிவந்தது. "கீரியக்கா! என் குட்டியைத் தேள் கொட்டிவிட்டது!"

கீரி குகைக்குப் பாய்ந்தது. உள்ளே கும்மிருட்டு. வேரும் இலையும் எலும்பும் மலையாகக் குவிந்து கிடந்தன.

"கரடியண்ணா, விஷமுறி வேர் எங்கே?"

"உள்ளேதான்! இங்கே போட்ட பொருள் எங்கேயும் போகாது!"

"உள்ளே எங்கே?"

"போட்டவள் நீ. என்னைக் கேட்டால்?"

"சிங்க ராஜா கேட்டால் மட்டும் எப்படி எடுத்துக் கொடுப்பீர்கள்?"

கரடி தலையைச் சொறிந்தது. "அவர் என்றைக்கு எலும்பைத் திருப்பிக் கேட்டார்?"

கீரி குவியலுக்குள் புகுந்தது. மோந்து பார்த்தால் எல்லா வேரிலும் எலும்பு நாற்றம். வேறு வழியின்றி ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்தது. வெளியே குட்டியின் கால் பூசணிப் பிஞ்சுபோல வீங்கிக்கொண்டே வந்தது. பொழுது சாயும் நேரத்தில்தான் அந்த வேர் அகப்பட்டது.

குட்டி பிழைத்துக்கொண்டது. கீரியின் நாக்கு மூன்று நாள் கசந்தது. அதைவிடக் கசந்தது முயல் போகும்போது சொன்ன சொல்: "இனிமேல் உன் கடையை நம்பி வரப் பயமாக இருக்கிறது அக்கா."

மறுநாள் காலையிலேயே கீரி மரங்கொத்தியிடம் போய் நின்றது. மரங்கொத்தி உற்சாகமாகத் தன் பொந்துகளின் அழகைச் சொல்லத் தொடங்கியது.

"அழகெல்லாம் இருக்கட்டும் தம்பி! இந்தா, பத்து மருந்து. வைத்துவிட்டாயா? சரி, இப்போது ஆடாதோடையை எடு!"

மரங்கொத்தி தலையை உள்ளே விட்டு வெளியே எடுத்தது. அலகில் ஆடாதோடை இருந்தது.

"இன்னொரு தடவை எடு" என்றது கீரி.

சேர்த்து வைக்க ஓர் இடம் தேடும்போது எவ்வளவு கொள்ளும் என்று பார்த்தால் போதாது, அவசரத்தில் கேட்டது கைக்கு வருமா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.