நான்கு விரல் பால்

எந்த வருஷம், எந்த ஊர் என்று என்னைக் கேட்காதீர்கள். அரண்மனைக் கொட்டிலில் நூறு எருமைகள் நின்ற காலம் அது. இளவழுதி என்றொரு ராஜா ஆண்டான்.

கொட்டிலுக்கு அதிகாரி தாண்டவராயன். சிக்கனக்காரன் என்று ராஜாவிடம் பெயர் வாங்க வேண்டும் என்பது அவனுக்குத் தீராத ஆசை. ஒருநாள் ஒரு புதுச் சட்டம் போட்டான்: பால் வற்றிய சினை எருமைகளுக்கு இனி அரைக்கூடைத் தீனிதான்.

பால் கறக்கும் பூவாயி மூன்று முறை அவனிடம் போய் நின்றாள்.

"ஐயா, வயித்துல கன்னு இருக்கு. இப்பத்தான் அதுக்கு நிறையப் போடணும்."

"கறக்காத மாட்டுக்கு எதுக்குடி முழுக்கூடை?" என்று மூன்று முறையும் அவன் விரட்டினான்.

வைக்கோல் போர் குறையாமல் நின்றது. ராஜாவும் மெச்சினான். எருமைகளின் விலா எலும்பை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

எருமைகள் கன்று போட்டன. முந்தின வருஷம் குடம் குடமாகக் கொடுத்தவை, இப்போது அரைக் குடம்கூடத் தரவில்லை. தாண்டவராயன் பயந்து போனான். பயந்தவன் என்ன செய்வான்? அடுத்தவர்மேல் கை காட்டினான்.

"அதே எருமைகள்தான் அரசே! கறக்கிறவள் திருடுகிறாள்."

அந்த நாட்டில் திருடினால் வலது கையை வெட்டிவிடுவார்கள். பூவாயி ஓடி வந்து ராஜாவின் காலில் விழுந்தாள்.

"சாமி, பால் திருடு போகலை. எருமைங்க பட்டினி கிடந்துச்சு."

ராஜா யோசித்தான். "ஒரே நாளில் கன்று போட்ட இரண்டு எருமைகளை நீங்கள் இருவரும் ஆளுக்கொன்றாகப் பிடித்து, உங்கள் இஷ்டப்படி தீனி போடுங்கள். காவலர்கள் முன்னால் கறக்க வேண்டும். இருபத்தோராம் நாள் பூவாயியின் குடம் வாய்மட்டம் நிறைந்தால் அவள் பிழைத்தாள். இல்லாவிட்டால் கை போகும்."

அன்றிலிருந்து தண்டனை நிறைவேற்றும் சேவகன் ஒருவன் கத்தியோடு கொட்டில் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டான்.

தாண்டவராயன் களஞ்சியத்தைத் திறந்துவிட்டான். சோளமாவு, பருத்திக்கொட்டை, கஞ்சி என்று எருமையின் வாயில் திணித்தான். மூன்றே நாளில் அவன் குடம் பாதியைத் தாண்டியது.

பூவாயி அவசரப்படவில்லை. முதலில் வைக்கோலும் பசும்புல்லும். பிறகு ஒரு கை பருத்திக்கொட்டை. அது செரித்தபின் இரண்டு கை. அவள் குடத்தில் பால் விரல் விரலாகத்தான் ஏறியது. அவள் வாசல் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் கத்தி கண்ணில் படும்.

எட்டாம் நாள் காலை தாண்டவராயனின் எருமை விழுந்தது. வயிறு உப்பி, மூச்சு முட்டி, கால்களை உதைத்தது. அவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

அது சாகட்டும் என்று பூவாயி இருந்திருக்கலாம். நானாக இருந்தால் ஒருவேளை அப்படித்தான் இருந்திருப்பேன்! அவள் பாதி கறந்த குடத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். வயிற்றுக் காற்று வெளியேற எருமையின் வாயில் குறுக்கே குச்சியைக் கட்டினாள், நல்லெண்ணெய் புகட்டினாள், தட்டி எழுப்பி நடக்க வைத்தாள். உச்சி வேளையில் எருமை ஏப்பம் விட்டது. உயிர் தங்கியது. பால் மட்டும் அடியோடு நின்றுபோனது.

இருபத்தோராம் நாள் வந்தது. பூவாயி கறந்தாள். பால் ஏறியது, ஏறியது, நின்றது. வாய்மட்டத்துக்கு இன்னும் நான்கு விரல் இருந்தது.

காவலனுக்கே மனம் பொறுக்கவில்லை. "தங்கச்சி, தொட்டியில தண்ணி இருக்கு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்" என்று முணுமுணுத்தான்.

"வேணாம்ண்ணே. ஊத்தினா நான் நெசமாவே திருடி ஆயிடுவேன்."

ராஜா வந்து குடத்தைப் பார்த்தான். "நிறையவில்லையே!"

கத்தியோடு சேவகன் எழுந்தான். பூவாயி கையை நீட்டியபடியே பேசினாள்.

"நிறையாது சாமி. மூணு வாரமா உங்க ஆளுங்க கண்ணு முன்னாலதான் கறந்தேன். ஒரு சொட்டு வெளியே போகலை. அப்படியும் நாலு விரல் குறையுது. கன்னு வயித்துல இருந்தப்ப உள்ளே போடாத தீனி அது. இருபத்தோரு நாள்ல அதை எப்படி ஈடுகட்ட முடியும்?"

காவலன் தலைகுனிந்து, தண்ணீர் ஊற்றச் சொன்னதையும் அவள் மறுத்ததையும் சொன்னான்.

ராஜா எருமையின் விலாவில் கை வைத்தான். இத்தனை நாள் தின்றும் எலும்பு இன்னும் தட்டுப்பட்டது. "சினை எருமைக்கு அளந்த கூடையைக் கொண்டுவா" என்றான். அரைக்கூடை வந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் விளங்கியது. தான் மெச்சிய சிக்கனம் எதுவென்று தெரிந்து வெட்கப்பட்டான்.

"கத்தியை உறையில் போடு" என்றான். "பூவாயி, இன்று முதல் நீதான் கொட்டிலுக்கு அதிகாரி. தாண்டவராயா, இரண்டு மாதம் நீ வழக்கமாகச் சாப்பிடுவதில் பாதி சாப்பிடு. அதன் பிறகு தினம் நூறு எருமைக்கும் நீயே புல் சும. குறைந்தால் உன்னைத் திருடன் என்பேன்."

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: பலன் தராத நாளிலும் வயிறறிந்து ஊட்டியவனுக்குத்தான், பலன் கேட்க உரிமை உண்டு.