நாற்பது வலிகள்

ஜப்பானின் வடக்கே ஒரு கடலோர ஊர். அங்கே டாக்டர் மியோஷியிடம் தொழில் பழக, தேனியிலிருந்து நர்ஸ் எழிலரசி வந்திருந்தாள்.

ஜப்பானியர் வலியை ஓசையால் சொல்வார்கள். வயிறு மந்தமாக நொந்துகொண்டே இருந்தால் ஷிகுஷிகு. துளைபோடுவதுபோல் குடைந்தால் கிரிகிரி. கேட்ட மாத்திரத்தில் டாக்டருக்குப் பாதி நோய் பிடிபட்டுவிடும். இப்படி நாற்பது சொற்களை எழிலரசி எழுதி வைத்திருந்தாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மீன்கடைக்காரர் ஹொரிகாவா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் பட்டியலை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். முதல் சொல்லிலேயே அவர், "அதேதாங்க," என்று தலைகுனிந்து வணங்கினார். ஷிகுஷிகு என்று குறித்தாள். டாக்டர் சாதாரண மருந்து கொடுத்து அனுப்பினார்.

மூன்றாம் நாள் ஹொரிகாவா இரண்டாக மடங்கி வந்து சேர்ந்தார்.

எழிலரசி பதறிப்போய் மறுபடி பட்டியலை எடுத்தாள். டாக்டர் அதை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"ஹொரிகாவா சான், சின்ன வயசுல வயிறு வலிச்சா அம்மாகிட்ட எப்படிச் சொல்வீங்க?"

எழுபது வயதுக்காரர் கண்ணை மூடினார்.

"கிரிகிரிங்குதும்மா... இப்பவும் அப்படித்தான். அன்னைக்கும் அப்படித்தான்."

உடனே ஆம்புலன்ஸ் வந்தது. வயிற்றுப்புண் ஓட்டையாகியிருந்தது. அன்றே அறுவை சிகிச்சை செய்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

அன்று மாலை எழிலரசி டாக்டரிடம் கேட்டாள்.

"முதல் நாளே அவர் ஏன் சொல்லலை, சென்செய்?"

"வெளிநாட்டுப் பொண்ணு மெனக்கெட்டு வாசிக்குது. நாற்பதையும் வாசிக்க வைக்க அவருக்கு மனசு வரலை. நானாவது கேட்டிருக்கணும்."

அவள் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டாள்.

"தலைவலியா?"

"லேசாத்தான், சென்செய். பரவாயில்லை."

"உங்க அம்மாகிட்ட எப்படிச் சொல்வே?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "தமிழ்ல சொன்னா உங்களுக்குப் புரியாதே!"

"சொல்லு."

"விண்விண்ணுன்னு தெறிக்குதும்மா."

சொன்னதும் நினைவில் வந்தன, சுக்கு அரைத்து நெற்றியில் பற்றுப் போடும் அம்மாவின் சூடான விரல்கள். அம்மா போய் நாலு வருஷம். அந்த வார்த்தையை அதற்குப் பிறகு அவள் யாரிடமும் சொன்னதில்லை.

டாக்டர் அர்த்தம் கேட்கவில்லை. மேஜைமேல் விரலால் மெல்லத் தட்டினார். அவள் பொட்டில் தெறித்த அதே வேகம்.

"எத்தனை நாளா?" என்றார்.