ஆமை உயர்த்தாத கழுத்து

விலங்குகளெல்லாம் நம்மைப் போலவே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆமைக்குக் கழுத்து எப்போதும் வெளியேதான் நீண்டிருக்கும். ஓட்டுக்குள் போகவே போகாது.

ஒருநாள் காட்டு விலங்குகள் ஒன்றுகூடி ராஜா சிங்கத்தைத் துரத்திவிட்டன. "இனி ராஜாவே வேண்டாம், நம்மை நாமே ஆள்வோம்" என்று சபை கூட்டின. எந்த இனத்தில் தலை அதிகமோ, அதற்குச் சபையில் இடம் அதிகம். சட்டம் பிடிக்காதவர் கழுத்தை உயர்த்தலாம். ஒரே ஒரு கழுத்து உயர்ந்தாலும் அந்தச் சட்டம் செல்லாது.

கருநாகத்தின் இனம் சிறியது. ஆனால் அது கரையான்களின் புற்றில் குடிபுகுந்து, கட்டியவர்களையே அடிமையாக்கி வைத்திருந்தது.

"என் கரையான்களையும் என் கணக்கில் சேருங்கள்" என்றது.

"அவையும் சபையில் பேசுமா?" என்று கேட்டது முயல்.

"அடிமைக்கு என்ன பேச்சு? சேர்க்காவிட்டால் நான் சிங்கத்தின் பக்கம் போகிறேன்."

சபை நடுங்கிவிட்டது. நரிக்கு வழியா தெரியாது? "கரையான்கள் என்றும் நாகத்துக்கே சொந்தம். இரண்டு கரையானை ஒரு தலையாக எண்ணுவோம்" என்றது. நல்ல நியாயம் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். வெட்கக்கேடு! நாளை காலையில் சட்டமாக்குவதென்று கலைந்தார்கள்.

அன்று மாலை பூவாத்தா என்ற கரையான் ஆமையிடம் ஓடிவந்தாள். கோடையில் குளம் வற்றியபோது, அடிமண்ணின் ஈரத்தைக் கொண்டுவந்து ஆமையைச் சாகாமல் காத்தது அவள் கூட்டம்தான்.

"அண்ணே, இந்தச் சட்டம் வந்துட்டா எங்க பிள்ளைங்களும் அடிமைதான். நீங்க ஒருத்தர் கழுத்தைத் தூக்கினா போதும்."

"அழாத தாயி. தூக்கறேன்."

மறுநாள், "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டது யானை. கருநாகம் படமெடுத்து ஆமையையே பார்த்தது. "ஊரோடு ஒத்துப் போ மாமா" என்று நரி காதில் ஓதியது. உயர்த்த வேண்டிய கழுத்தை ஆமை முழுப் பலத்தோடு உள்ளே இழுத்தது. அதுவரை போகாத கழுத்து ஓட்டுக்குள் போய்விட்டது.

சட்டம் நிறைவேறியது. "விடுதலை! விடுதலை!" என்று காடே கூத்தாடியது.

பூவாத்தா வந்து ஓட்டின் வாசலில் நின்றாள். அவள் திட்டவில்லை.

"அவங்க எங்களைப் பாதியாத்தான் எண்ணினாங்க. நாங்க உங்களை முழுசா நம்பினோம்ண்ணே" என்று சொல்லிவிட்டு மண் சுமக்கப் போய்விட்டாள்.

அந்த நாள் தொட்டுத்தான், காலடிச் சத்தம் கேட்டாலே ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பயந்த பிராணி என்று நாம் சிரிக்கிறோம். வருவது பூவாத்தாவாக இருந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அது உள்ளே கூனிக்குறுகிக் கிடக்கிறது.