குழிக்குக் கேட்ட நிலம்

கொள்ளிடக் கரையில் ஒரு சின்ன மடம் இருந்தது. அதன் தலைவி ஞானாம்பிகைக்கு நாற்பது வயது இருக்கும். சீடர்களில் மூத்தவர் வைரக்கண்ணு. தன் மகள் வயதுள்ள ஞானாம்பிகையை அவர் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

வைரக்கண்ணு விவசாயி. அவருடைய வயலை ஒட்டி ஒரு கம்பெனி எண்ணெய்க் கிணறு தோண்டியது. எண்ணெயோடு ஆழத்திலிருந்து உப்புத் தண்ணீரும் வந்தது. குழி வெட்டி, கறுப்பு ஷீட் விரித்து, அந்தத் தண்ணீரைத் தேக்கினார்கள். ஓர் ஐப்பசி மழையில் குழியின் கரை உடைந்தது. வெள்ளம் வடிந்தபிறகு வயல் வெளுத்துக் கிடந்தது. அடுத்த போகத்துக்கு நாற்று நட்டார், கருகிப்போனது. பிடிவாதமாக மறுபடியும் நட்டார். அதுவும் கருகியபின், வீட்டுச் சாவியைத் தம்பி உத்திராபதியிடம் கொடுத்துவிட்டு மடத்துக்கு வந்தார்.

மடத்தில் அவர் யாரையும் குறை சொன்னதில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவார். பாத்திரம் துலக்குவார். கண்மூடி உட்காருவார். ஆனால் எங்கே தண்ணீர் குடித்தாலும் முதல் வாயை உடனே விழுங்கமாட்டார்.

"என்ன தேடுறீங்க ஐயா?" என்று ஞானாம்பிகை ஒருமுறை கேட்டார்.

"எங்க வயல் பம்புத் தண்ணிய, அம்மா. வேற எங்கயும் அந்த ருசி இல்ல."



ஒருநாள் காலையில் குணாளன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். வைரக்கண்ணுவின் ஊர்க்காரன், கம்பெனிக்கு நிலம் பேசி முடித்துக் கொடுப்பவன்.

"பெரியப்பா, பழைய குழி பத்தல. புதுசா ஒண்ணு பெருசா வெட்டணுமாம். உங்க நிலத்தக் கேக்குறாங்க."

வைரக்கண்ணு துலக்கிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"ஏற்கெனவே செத்த நிலந்தானே? நீங்களும் எல்லாத்தயும் விட்டுட்டு வந்துட்டீங்க. ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

அவனை உட்காரச் சொல்லிவிட்டு வைரக்கண்ணு உள்ளே போனார். ஞானாம்பிகை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"கையெழுத்துப் போட்டுட்டா முழுசா விட்டவனாயிடுவேனா? போடலன்னா இன்னும் நிலத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்னுதானே அர்த்தம்?"

"நிலம் எந்த ஊர்ல இருக்கு?"

அவர் சொன்னார்.

ஞானாம்பிகை கீரைத் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். "வாங்க, பாத்துட்டு வரலாம்."

இருவரும் பஸ்ஸில் போனார்கள். குணாளன் வண்டியில் முன்னால் போய்ச் சேர்ந்து, பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தான்.

எண்ணெய்க் கிணற்றைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்தது. உள்ளே ஓர் உயரமான குழாயின் நுனியில் பட்டப்பகலிலும் தீ எரிந்தது. காற்றில் கெட்டுப்போன முட்டையின் நாற்றம். வேலிக்கு இந்தப் பக்கம் வைரக்கண்ணுவின் வயல். மண் பொருக்குத் தட்டி வெடித்திருந்தது.

அவர் வரப்பிலேயே நின்றுவிட்டார். ஞானாம்பிகை செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கினார்.

"இங்க என்ன போடுவீங்க ஐயா?"

"குறுவை. அப்பறம் தாளடி. கடைசியா உளுந்து தெளிப்போம்."

"தண்ணி எந்தப் பக்கமா வரும்?"

"அந்த மூலையில மடை. அங்க எப்பவும் கொக்கு நிக்கும். தொறந்து விட்டா தண்ணி இப்படி வளைஞ்சு..."

கையை நீட்டிக் காட்டியபடியே அவர் வரப்பிலிருந்து இறங்கினார். இறங்கியது அவருக்கே தெரியவில்லை. காலமாகிவிட்ட மனைவி லோகாம்பாள் நாற்று முடிச்சை எங்கே வைப்பாள், நடவுப் பெண்களில் யார் முதலில் பாட்டெடுப்பார்கள், கதிர் பால் பிடிக்கும்போது காற்று எப்படி மணக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். வயலின் நடுவுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

குணாளன் தலை குனிந்துகொண்டான்.

வயலோரத்தில் அடிபம்பு துருப்பிடித்து நின்றது. வைரக்கண்ணு அதனிடம் போனார். கைப்பிடி கிறீச்சிட்டது. விடாமல் அடித்தார். தண்ணீர் பழுப்பாக வந்தது; அதன்மேல் எண்ணெய் மினுங்கியது.

அவர் ஒரு கை ஏந்தினார்.

"பெரியப்பா, வேணாம்!" என்று குணாளன் ஓடிவந்தான்.

அதற்குள் வாயில் வைத்துவிட்டார். துப்ப மனம் வராமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் திரண்டது. பிறகுதான் திரும்பித் துப்பினார்.

"இது இல்ல," என்றார். "லோகாம்பாள் தூக்குச் சட்டியில புடிச்சு வைப்பா. இது இல்ல."



"தம்பி, உங்க வீட்டுல எந்தத் தண்ணி?" என்று ஞானாம்பிகை குணாளனைக் கேட்டார்.

"கேன் தண்ணிதாம்மா. புள்ளைங்க இருக்குல்ல." சொல்லிவிட்டு அவசரமாக, "இந்தத் தடவ ரெண்டு ஷீட் போடுறாங்க. ஒடையாது" என்றான்.

"ஒடைஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போகும்?"

குணாளனின் கண் கிழக்கே போனது.

கிழக்கே நிலம் தாழ்ந்து போனது. போன தடவை உப்புத் தண்ணீர் எட்டாததால், அங்கே உத்திராபதியின் வயல் பச்சையாக இருந்தது. உத்திராபதியும் அவன் மனைவியும் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனை அடையாளம் கண்டுகொண்டு உத்திராபதி நிமிர்ந்தான். தலைத்துண்டை அவிழ்த்து வீசிக் காட்டினான்.

வைரக்கண்ணு பதிலுக்குக் கையை உயர்த்தினார். உயர்த்திய கை அப்படியே நின்றது.

"அம்மா," என்றார், தம்பியைப் பார்த்தபடியே. "நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லல."

"உங்களுத நீங்க விடலாம் ஐயா. உத்திராபதி தண்ணிய நீங்க எப்படி விடுவீங்க?"

வைரக்கண்ணு கையை இறக்கினார்.

"குணாளா, நான் கையெழுத்துப் போடல."

"அவங்க சும்மா இருக்க மாட்டாங்க பெரியப்பா. வேற யார் நிலத்தயாவது கேப்பாங்க."

"கேக்கட்டும். யாரக் கேட்டாலும் எங்கிட்ட வந்து சொல்லு. நானும் வர்றேன். இந்த வயலுக்குக் கூட்டிட்டு வந்து காட்டுறேன்."

குணாளன் வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் நின்றான். "சொல்றேன் பெரியப்பா," என்று முணுமுணுத்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் உத்திராபதி வீட்டில் சாப்பிட்டார்கள். குழித் தண்ணீர் வாய்க்காலில் கலந்துவிட்டால் மாட்டுக்குக்கூட ஆகாது என்று உத்திராபதியின் மனைவி சொன்னாள். சாப்பிட்டு முடித்து வைரக்கண்ணு தம்பியிடம் வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்கினார். ஞானாம்பிகை மட்டும் மடத்துக்குத் திரும்பக் கிளம்பினார்.

வைரக்கண்ணு பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். தூரத்தில் பஸ்ஸின் வெளிச்சம் தெரிந்ததும் கேட்டார்.

"அம்மா, உங்ககிட்ட வந்ததே இந்த ஏக்கம் போகணும்னுதான். இங்கயே இருந்தா தெனமும் அந்த வயலப் பாக்கணும். இன்னும் அதிகமாகுமே. அத என்ன பண்றது?"

பஸ் வந்து நின்றது. ஞானாம்பிகை படியில் ஏறித் திரும்பினார்.

"இருக்கட்டும் ஐயா. அந்த நிலத்துக்கு அழறதுக்கு வேற யாரு இருக்கா?"