ஒருவர் குறைந்த அவை

இக்கதையை 1976 ஆனியில் பாளையங்கோட்டை வழக்கறிஞர் ஞா. சவரிராயன் சொல்லக் கேட்டேன். அமெரிக்கர் தம் புதிய அரசியலமைப்பை ஏற்பதா மறுப்பதா என்று மாநிலந்தோறும் வாதிட்ட காலத்துக் கதை. எந்த மாநிலம் என்று கேட்டேன், தெரியாது என்றார்.

எல்க்கானா என்ற முதிய வழக்கறிஞரும், முன்பு அவரிடம் சட்டம் பயின்ற ஆசாவும் ஒரே அவையின் உறுப்பினர்கள். மக்களின் உரிமைகள் எழுதப்படாத சட்டம் வேண்டாம் என்று இருவரும் எதிர்த்தனர். ஆதரிப்போரே மிகுதி, வாக்கெடுத்தால் தோல்வி உறுதி. ஆகவே எதிர்ப்போர் அனைவரும் அவைக்குப் போகாமல் விடுதிகளில் அடைந்துகொண்டனர். அவை கூடுவதற்கு வேண்டிய எண்ணிக்கையில் ஒருவர் குறைந்தார். வாக்கெடுப்பு நின்றது.

தெருவில் கூட்டம் கூவியது: "எலிகளே, வளையைவிட்டு வெளியே வாருங்கள்!"

விடுதிக்கார அம்மாள் எட்டிப் பார்த்தாள். "உங்களை இழுத்துப்போக வந்தால் கதவை உடைப்பார்கள். கதவு என்னுடையது, ஐயா."

எல்க்கானா எழுந்து மேலங்கியை அணிந்தார்.

"எங்கே, ஐயா?" என்று அதே அறையில் இருந்த ஆசா கேட்டார்.

"அவைக்கு."

ஆசா கதவை மறித்து நின்றார். "தாங்கள் நுழைந்தால் அவை கூடிவிடும். தோற்போம்."

"தோற்போம்."

"பேச்சுரிமைக்கு ஒரு வரிகூட இல்லாத சட்டம் என்று தாங்கள்தானே சொன்னீர்கள்?"

"இன்றும் சொல்வேன். இங்கே யாரிடம் சொல்ல? இந்தக் கட்டிலிடமா?"

"அங்கே மட்டும் யார் கேட்கப் போகிறார்கள்?"

"ஆதரிப்போர் பக்கத்து உறுப்பினர், ஒரு மர வியாபாரி, நேற்று என்னை நிறுத்தினார். உரிமைகளைப் பின்னால் சேர்க்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். தன்னைத் திருத்தும் வழியையும் அந்தச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. அதில் எனக்குப் பிடித்த பகுதி அது."

"ஒரே ஒரு மர வியாபாரி!"

"ஆமாம், ஒருவர்தான்."

"ஒளிந்திருந்தால் இன்று வெல்வோமே, ஐயா."

"வெல்வோம். ஒருநாள் நமக்கும் பெரும்பான்மை வரும். அன்று அவர்களை எந்த விடுதியில் போய்த் தேடுவாய், ஆசா?"

ஆசா கதவைவிட்டு விலகினார்.

சவரிராயன் இவ்வளவே சொன்னார். மதுரையில் கேட்ட வடிவத்தில் ஆசாவும் உடன் சென்று, தோற்ற பக்கத்தில் கை உயர்த்துகிறார். நாகர்கோவிலில் சொல்வோர் இரண்டையும் ஒப்புவதில்லை. அங்கே ஆசா கடைசிவரை விலகவில்லை. முதியவர் சன்னல் வழியே இறங்கினார். சட்டத்தை ஆதரித்தவர் இருவர் கீழே நின்று தோள் கொடுத்தனராம்.