ஏகாம்பரநாதன் சொன்ன சாட்சி

எல்லா உயிர்களும் பேசிய அந்தக் காலத்தில், பெயர் மட்டும் மனிதர்களிடமே இருந்தது. ஊர் முழுவதையும் காவல் காத்த நாய்க்குக் கிடைத்தது என்ன? "ஏய்", "ச்சூ". இது என்ன நியாயம்?

ஏரிக்கரை ஊர் ஒன்றில் ஒருநாள் மதகுப் பலகை உடைந்து, பாதித் தண்ணீர் வீணாய்ப் போனது. மதகை ஒட்டிய வயல் வடிவாம்பாளுடையது. புருஷனை இழந்தவள், ஏழு மாதக் கர்ப்பிணி.

"தன் வயலுக்குப் பாய்ச்ச இவள்தான் உடைத்திருக்கிறாள். ஊரை விட்டுப் போகட்டும்" என்றார் ஊர்ச் சபையில் தலைவர் மாசிலாமணி.

"இல்லை. நான் பார்த்தேன்" என்றது ஒரு குரல். தலைவர் வீட்டு நாய்!

"பெயரைச் சொல்லிவிட்டுத்தான் சாட்சி சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம். உனக்கு ஏது பெயர்? போய்ப் படு!"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. வடிவாம்பாள் எழுந்தாள்.

"இருக்கிறது. ஏகாம்பரநாதன்."

சிரிப்பு நின்றது. அது இறந்துபோன அவள் அப்பாவின் பெயர். பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று அவள் வைத்திருந்த பெயர்.

"அடி பைத்தியமே, ஒருவர் உயிரோடு இருக்கும்வரை அவர் பெயரை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாதே! பிள்ளைக்கு என்ன செய்வாய்?" என்று பதறினாள் பக்கத்து வீட்டு அன்னபூரணி.

"வேறு பெயர் கிடைக்கும் அக்கா. வேறு ஊர் கிடைக்குமா? கண்ணால் பார்த்தவர் வாயை அடைக்கிறதும் ஒரு வழக்கமா?"

நாய் சபை நடுவில் வந்து நின்றது. "ஏகாம்பரநாதன் சொல்கிறேன். எங்கள் வீட்டு எருமை முதுகு சொறியப் போய் மதகில் உரசியது. பலகை பிளந்தது. ஐயா, நீங்களும்தான் பார்த்தீர்கள்."

"என் சோற்றைத் தின்றுவிட்டு எனக்கே எதிராகவா?"

"சோற்றுக்குக் காவல் காத்தேன் ஐயா. பொய் சொல்லவும் சேர்த்தா போட்டீர்கள்?"

நாலு பேர் போய்ப் பார்த்தார்கள். பலகைப் பிளவில் எருமை மயிர் கொத்தாகச் சிக்கியிருந்தது. சாட்சியை ஏற்கும்போது சாட்சியின் முழுப் பெயரையும் தலைவர் சொல்லியாக வேண்டும், அதுவும் வழக்கம்தான்! மாசிலாமணி எழுந்து, தலை குனிந்து சொன்னார்: "ஏகாம்பரநாதன் சொன்னதே உண்மை."

வடிவாம்பாள் தன் வயலுக்கு நடந்தாள். நாயும் கூடவே போனது.

நாய்க்குத் தாத்தா காலத்துப் பெயரை முழுதாக வைத்து, ஒரு எழுத்தும் குறைக்காமல் கூப்பிடுகிறோமே, அது அன்று முதல்தான். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், அந்தப் பெயருக்கு அது எவ்வளவு நிமிர்ந்து வருகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.